புதுப்பிப்பு: காய்ச்சல் கண்ட பசு, உண்ணி பரப்பும் ஒட்டுண்ணியான தைலேரியாதான்

போன வாரம், பசுவுக்குக் கடும் காய்ச்சல், ரத்தத் தடவலில் (கண்ணாடியில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) ஒன்றும் தெரியவில்லை, உண்ணி நோய் இல்லை என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தேன். நல்லவேளை, விடவில்லை. மருத்துவர் தோள் முன்புறம் வீங்கியிருந்த நிணநீர்க் கட்டியில் ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி, ஜீம்சா சாயமிட்டுப் பார்த்தார். வெள்ளணுக்களுக்குள் தைலேரியாவின் நீலத் திட்டுகள்! சிவப்பணுக்களில் ஒட்டுண்ணி ஏறும் முன்பே இவை தெரியுமாம். தைலேரியாவுக்கான மருந்தான புபர்வகோன் ஊசி போட்டார். மூன்றாம் நாள் தீனி எடுத்தது.

மூத்திரம் சிவக்கவில்லையே என்று நான் அசட்டையாக இருந்தது தப்பு. மூத்திரம் சிவப்பது பெரும்பாலும் பெபிசியா என்ற வேறொரு உண்ணி நோயின் அடையாளம்.

அப்புறம், மற்ற மாடுகளுக்கு பிசிஆர் (ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் சோதனை) கேட்டிருக்கிறேன். வெளியே நோய் தெரியாமல் ஒட்டுண்ணியைத் தாங்கி நிற்கும் மாட்டில் ஒட்டுண்ணி சொற்பம், நுண்ணோக்கியில் பெரும்பாலும் சிக்காது.