உதவி தேவை: செல்லே இல்லாத குழியும் ஆலிசரின் ரெட்டில் சிவக்கிறது

தொப்புள்கொடி24 | செவ்வாய், காலை 11.20

அனைவருக்கும் வணக்கம். மீசன்கைமல் ஸ்டெம் செல்களை (எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பாக மாறக்கூடியவை) எலும்புச் செல்லாக மாற்றும் ஊடகத்தில் 21 நாள் வளர்த்து, சுண்ணாம்புப் படிவைக் காட்டும் ஆலிசரின் ரெட் சாயத்தை இன்று காலை ஏற்றினேன். வளர்ப்புத் தட்டில் அந்த ஊடகம் இட்ட குழிகள் சிவந்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சாதாரண ஊடகம் இட்ட குழிகளும் அதே அளவு சிவந்துவிட்டன. செல்லே இடாமல் வைத்திருந்த குழியும் சிவந்திருப்பதைப் பார்த்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செய்முறை எல்லாம் வழக்கமானதுதான். வெள்ளிக்கிழமை ஆய்வகக் கூட்டத்தில் காட்ட வேண்டும் என்பதால், விரைவில் யாராவது வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அளவுமானி | செவ்வாய், காலை 11.52

சாயக் கரைசலின் பிஎச் எவ்வளவு என்று நீங்கள் குறிப்பிடவில்லை. என் அனுபவத்தில் இந்தச் சாயம் கெடும் இடம் பெரும்பாலும் அதுதான். 2 சதவீதக் கரைசலில் அம்மோனியம் ஹைட்ராக்சைடைத் துளித்துளியாக விட்டு, 4.1-க்கும் 4.3-க்கும் இடையில் நிறுத்த வேண்டும். அவ்வளவு அடர்ந்த நிறத்தில் பிஎச் தாளை நம்ப முடியாது. மானியில்தான் பார்க்க வேண்டும், அந்த மானியையும் அன்று காலையே சரிபார்த்திருக்க வேண்டும். கரைசல் பழையதென்றால் வடிகட்டினீர்களா என்பதையும் சொல்லுங்கள். கரையாத துகள்கள் குழியின் அடியில் படிந்து, சுண்ணாம்பு முடிச்சுகளைப் போலவே தோன்றிக் கண்ணை ஏமாற்றும்.

மைக்கோ விழிப்பு | செவ்வாய், நண்பகல் 12.10

செல் வளர்ப்பில் தொற்றும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவுக்குக் கடைசியாக எப்போது சோதனை செய்தீர்கள்? அது ஊடகத்தைக் கலங்கச் செய்யாது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, பெனிசிலினுக்கும் அஞ்சாது, ஏனென்றால் அதற்குச் செல்சுவரே கிடையாது. செல்களின் வளர்சிதை மாற்றம் முழுவதையும் அது தடம் புரட்டிவிடும். விளங்காத முடிவு எதுவாக இருந்தாலும் முதலில் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும்) சோதனை செய்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

இரவுக்காவல் | செவ்வாய், நண்பகல் 12.34

செல்லே இல்லாத குழி சிவந்ததற்கு மைக்கோபிளாஸ்மாவை எப்படிக் குற்றம் சொல்வீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

என் ஐயம் எலும்பாக்கும் ஊடகத்தில் சேர்க்கும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டின் மீது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி அதை உடைத்துப் பாஸ்பேட்டை விடுவிக்கும். அந்தப் பாஸ்பேட் ஊடகத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து தானாகவே படியும். அப்படிப் படிவதற்கும் செல் எலும்பாக மாறியதற்கும் தொடர்பே இருக்க வேண்டியதில்லை. நீங்கள் எத்தனை மில்லிமோலார் இட்டீர்கள்? சாதாரண ஊடகத்திலும் தவறுதலாக இட்டுவிட்டீர்களா? அப்படி இடவில்லை என்றால் என் ஊகம் பாதியில் நின்றுவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய தட்டு | செவ்வாய், பிற்பகல் 1.15

இங்கே வாரத்துக்கு ஒருமுறை இதே கேள்வி வருகிறது. 'வழக்கமான செய்முறை' என்று ஒன்று உலகில் இல்லை. எந்தத் திசுவிலிருந்து எடுத்த செல், எத்தனையாவது பாஸேஜ் (புதுத் தட்டுக்கு மாற்றிய முறை), எதில் வளர்த்தீர்கள், எதைக் கொண்டு கழுவினீர்கள், எத்தனை நிமிடம் நிலைநிறுத்தினீர்கள் என்ற ஐந்தையும் எழுதாமல் உதவி கேட்பது, மருத்துவரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை எதிர்பார்ப்பதற்குச் சமம். எங்கள் காலத்தில் ஆய்வுக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் மூத்தவர்களிடம் வாயைத் திறப்போம்.

தொப்புள்கொடி24 | செவ்வாய், மாலை 4.05

மன்னிக்கவும், ஐயா. அவசரத்தில் விட்டுவிட்டேன். தொப்புள்கொடியின் கூழ்த் திசுவான வார்ட்டன் ஜெல்லியிலிருந்து எடுத்த செல்கள், நான்காவது பாஸேஜ். ஊடகம் டிஎம்இஎம் (வழக்கமான செல் வளர்ப்பு ஊடகம்), 10 சதவீத எஃப்பிஎஸ் (கன்றுக் கருவின் சீரம்). எலும்பாக்கும் ஊடகத்தில் மட்டும் டெக்ஸாமெத்தசோன் 100 நானோமோலார், அஸ்கார்பிக் அமிலம் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார். சாதாரண ஊடகத்தில் இவை மூன்றும் இல்லை. சாயம் புதிதாகக் கலக்கி வடிகட்டியது, பிஎச் 4.2. பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புநீர்) மூன்று முறை கழுவி, 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம் வைத்து, பிறகு சாயத்தில் 20 நிமிடம் வைத்தேன். அதன்பின் வடிநீரில் ஆறு முறை கழுவினேன். கழுவிய நீர் நிறமற்று வந்த பிறகும் மணிகள் எல்லாம் மாதுளை முத்துப் போல உள்வரை சிவந்தே இருக்கின்றன.

கடலோரம் | செவ்வாய், மாலை 4.31

மணிகளா? எந்த மணிகள்?

தொப்புள்கொடி24 | செவ்வாய், மாலை 4.38

ஆல்ஜினேட் மணிகள். 1.5 சதவீத ஆல்ஜினேட்டில் செல்களைக் கலந்து, 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டுச் செய்தவை. எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் மணியில்தான் வளர்க்கிறோம், அதனால் தனியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

கடலோரம் | செவ்வாய், மாலை 5.20

அப்படியானால் உங்கள் சாயத்தில் பிழை இல்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

ஆலிசரின் ரெட் தேடுவது எலும்பை அல்ல, கால்சியத்தை. ஆல்ஜினேட் என்பது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சர்க்கரைச் சங்கிலி. அதில் குலூரோனிக் அமிலம் தொடர்ந்து வரும் பகுதிகளில் இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே நின்று, நடுவிலுள்ள பள்ளங்களில் கால்சியம் அயனிகளைப் பிடித்துக்கொள்கின்றன. முட்டை அடுக்கும் அட்டையில் முட்டைகள் உட்கார்ந்திருப்பது போல இருப்பதால் 1973 முதல் இதற்கு முட்டைப்பெட்டி மாதிரி என்றே பெயர். டிஎம்இஎம் ஊடகத்தில் கால்சியம் 1.8 மில்லிமோலார்தான். நீங்கள் மணியை உறையச் செய்த தொட்டியில் இருந்தது அதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல். உங்கள் மணியை மணியாகப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கால்சியம்தான் என்னும்போது, அதைச் சாயத்தில் போட்டால் சிவக்காமல் என்ன செய்யும்? செல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிவக்கத்தான் செய்யும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், இன்றே சோதித்துவிடுங்கள். செல் இல்லாத புதிய மணி ஒன்றைச் சொட்டி, ஊடகத்தையே காட்டாமல், வடிநீரில் அலசிச் சாயத்தில் போட்டுப் பாருங்கள். அது சில நிமிடங்களில் சிவந்தால் விடை கிடைத்துவிட்டது.

இன்னொன்று. ஆல்ஜினேட் மணியைப் பிபிஎஸ்ஸில் கழுவாதீர்கள். அதிலுள்ள பாஸ்பேட், மணியின் கால்சியத்தைப் பிடுங்கிக் கால்சியம் பாஸ்பேட்டாக அங்கேயே படியவைக்கும். கண்ணாடி போல் தெளிந்திருந்த மணி, கழுவிய பிறகு கஞ்சித் தண்ணீர் போல வெளிறியிருந்தால் அது இதனால்தான். சிறிது கால்சியம் குளோரைடு சேர்த்த உப்புநீரில் கழுவுவதே நல்லது. பாராஃபார்மால்டிஹைடையும் பிபிஎஸ்ஸில் கரைத்திருந்தால் அங்கும் இதே சிக்கல்தான்.

செல் இல்லாத அந்த மணியை 21 நாளும் எந்த ஊடகத்தில் வைத்திருந்தீர்கள்?

தொப்புள்கொடி24 | செவ்வாய், மாலை 5.44

சாதாரண ஊடகத்தில் மட்டும். மணி வெளிறியது உண்மை. அது நல்ல அறிகுறி என்று நினைத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இரவுக்காவல் | செவ்வாய், இரவு 8.02

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியானால் கால்சியத்துக்குப் பதிலாகப் பேரியம் குளோரைடில் மணியை உறையவைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் அல்லவா? பேரியம் ஆல்ஜினேட்டை இன்னும் உறுதியாகப் பிடிக்கும் என்று படித்திருக்கிறேன்.

பழைய தட்டு | செவ்வாய், இரவு 8.40

படித்ததை முழுவதும் படித்திருக்க வேண்டும். ஆலிசரின் ரெட் கால்சியத்துக்கு மட்டும் உரிய சாயம் அன்று. பேரியம், ஸ்ட்ரான்சியம், இரும்பு, மாங்கனீசு ஆகியவையும் அதனோடு நிறம் தரும். கால்சியத்தை எடுத்துவிட்டுப் பேரியத்தைக் கொண்டுவருவது, வீட்டுக்குள் வந்த எலியைத் துரத்தப் பாம்பை அழைத்து வருவது போன்றது. கரைந்த பேரியம் நச்சு என்பதையும் மறந்துவிட்டீர்கள்.

அது இருக்கட்டும். பதிவின் முதல் வரியிலேயே 'மீசன்கைமல் ஸ்டெம் செல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஸ்டெம் செல்தான் என்பதற்கு உங்களிடம் என்ன சான்று இருக்கிறது? 1991இல் அந்தப் பெயரைப் பரப்பிய ஆர்னால்ட் கப்லானே 2017இல், பெயரை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று எழுதினார். அவை சமிக்ஞை அனுப்பும் செல்கள் என்பதே அவர் வாதம். இளையவர்கள் இன்னும் பழைய பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறார்கள்.

குருத்தணு | செவ்வாய், இரவு 9.15

பெயரைத் திருத்துவதென்றால் தமிழிலேயே திருத்தலாமே. குருத்தணு என்ற அழகிய சொல் இருக்கும்போது ஸ்டெம் செல் என்று ஏன் எழுத வேண்டும்? வாழையிலோ பனையிலோ குருத்து என்பது இன்னும் என்னவாகப் போகிறது என்று விரியாத நிலை. கருத்துக்கு அதைவிடப் பொருந்தும் சொல் ஏது?

கப்லான் பெயரை மாற்றச் சொன்னது உண்மைதான். ஆனால் மீசன்கைமல் ஸ்டெம் செல்லைச் சுருக்கிய எம்எஸ்சி என்ற மூன்றெழுத்தை அவர் விடவில்லை. விரிவை மட்டும்தான் மாற்றினார். சர்வதேச செல் சிகிச்சைக் கழகம் 2006இல் குறைந்தபட்ச அளவுகோல்களை வகுத்தது. பிளாஸ்டிக்கில் ஒட்டி வளர வேண்டும். செல்லின் மேற்பரப்பில் சிடி73, சிடி90, சிடி105 என்ற அடையாளப் புரதங்கள் இருக்க வேண்டும், சிடி45, சிடி34 போன்றவை இருக்கக் கூடாது. எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு ஆகிய மூன்றாகவும் மாறிக் காட்ட வேண்டும். இவற்றை நிறைவு செய்தால் அந்தப் பெயரில் அழைப்பதில் குற்றம் காண வேண்டியதில்லை.

பழைய தட்டு | செவ்வாய், இரவு 9.31

அந்தக் கழகமே 2006க்கு முந்தைய ஆண்டில், ஸ்டெம் என்பதற்குப் பதிலாக 'ஸ்ட்ரோமல்' (தாங்குதிசுவைச் சேர்ந்தது) என்று சொல்லுங்கள் என்று பரிந்துரைத்தது. தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் திறனைக் காட்டாத செல்லுக்கு அந்தப் பட்டம் எதற்கு? குருத்தணு என்று தமிழ்ப்படுத்திவிட்டால் பிழை தமிழில் வருமே தவிர, சரியாகிவிடாது.

குருத்தணு | செவ்வாய், இரவு 9.50

பட்டம் கொடுப்பதில் இவ்வளவு சிக்கனம் காட்டும் தாங்கள், அந்தப் பெண்ணின் கேள்விக்கு இதுவரை ஒரு வழியும் சொல்லவில்லை என்பதையும் கவனித்துக்கொள்ளலாம்.

கடலோரம் | புதன், காலை 7.05

இருவரும் சற்றுப் பொறுங்கள். நீங்கள் போட்ட சண்டையிலேயே அவருக்குத் தேவையான வழி ஒன்று இருக்கிறது. அந்த மூன்று மாற்றங்களில் எலும்பு மாற்றத்தை எல்லோரும் காட்டுவது, தட்டையான பிளாஸ்டிக்கில் வளர்த்து இதே ஆலிசரின் ரெட்டைக் கொண்டுதான். ஆகவே, தொப்புள்கொடி24, உறையவைத்த குப்பியில் இதே தொகுதிச் செல் இருந்தால், மணி இல்லாமல் சாதாரணத் தட்டில் இன்றே விதைத்துவிடுங்கள். மூன்று வாரத்தில் அங்கே முடிச்சுகள் சிவந்து, சாதாரண ஊடகத்தில் சிவக்காமல் இருந்தால், செல்லுக்கும் ஊடகத்துக்கும் திறன் இருக்கிறது என்பது உறுதியாகும்.

மணிக்குள் நடப்பதைக் காட்டச் சாயத்தை நம்ப வேண்டாம். மொத்தக் கால்சியத்தை அளக்கும் சோதனையும் உதவாது. ஊருணியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு அந்தக் குடத்தை மட்டும் அளந்து காட்டு என்பது போலாகிவிடும். வான் கோசா முறை பாஸ்பேட்டைக் காட்டும் என்று யாராவது சொல்வார்கள். பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் எஃப்பிஎஸ்ஸும் உள்ள ஊடகத்தில் மூன்று வாரம் கிடந்த கால்சியம் மணியில் செல் இல்லாமலேயே பாஸ்பேட் படியக்கூடும் என்பதால், எலும்பாக்கும் அதே ஊடகத்தில் அதே நாட்கள் இருந்த செல் இல்லாத மணி இல்லாமல் அதையும் ஏற்க மாட்டேன். உங்களிடம் இல்லாத கன்ட்ரோல் (ஒப்பீட்டு மாதிரி) அதுதான்.

இன்குபேட்டரில் இன்னும் மணிகள் மிச்சம் இருக்கின்றனவா? இருந்தால் 55 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட்டில், உப்புச் சமன் பார்த்து, 37 டிகிரியில் வைத்து மெதுவாக ஆட்டுங்கள். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, மணி கரைந்து செல்கள் வெளியே வரும். சுழற்றிப் படியவைத்து இரண்டு முறையாவது கழுவுங்கள், ஏனெனில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆல்ஜினேட் பிறகு பிசிஆர் வினையைத் தடுக்கும். அந்த வீழ்படிவிலிருந்து ஆர்என்ஏ எடுத்து எலும்பு மாற்றத்தைக் காட்டும் ரன்எக்ஸ்2, ஆஸ்டியோகால்சின் ஆகிய மரபணுக்களைப் பாருங்கள். சிட்ரேட் சுண்ணாம்புப் படிவையும் கரைத்துவிடும் என்பதால், கரைத்து எடுத்த செல்லில் மறுபடி ஆலிசரின் ஏற்றிவிட்டு ஒன்றும் இல்லையே என்று திகைக்க வேண்டாம்.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் அளவையும் பார்க்கலாம். ஆனால் அது பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். 21ஆம் நாளில் குறைவாக இருந்தால் அதை வைத்து முடிவு கட்ட முடியாது. அடுத்த சுற்றில் 7ஆம் நாளும் 14ஆம் நாளும் தலா மூன்று மணிகளை எடுத்து வையுங்கள்.

அளவுமானி | புதன், காலை 9.18

எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்துப் பாஸ்பேட் முகட்டைக் காட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் ஓர் எச்சரிக்கை: 1030 அலைஎண்ணின் அருகே ஆல்ஜினேட்டுக்கே அகலமான முகடு உண்டு. 560, 600 பகுதியில் இரட்டை முகடு தெரிகிறதா என்று பாருங்கள். பிஎச் 4.2 என்பது சரியான அளவுதான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

தொப்புள்கொடி24 | வெள்ளி, இரவு 10.12

புதிய மணி இரண்டு நிமிடத்தில் சிவந்தது. மிச்சமிருந்த மணிகளைக் கரைத்து ஆர்என்ஏ எடுத்து மைனஸ் 80இல் வைத்திருக்கிறேன். கூட்டத்தில் உள்ளபடியே சொன்னேன்; எங்கள் ஆய்வகத்தின் பழைய படங்களையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். தட்டில் செல் விதைத்தாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகக் கடலோரம் அவர்களுக்கு.

மைக்கோ விழிப்பு | சனி, காலை 6.40

மைக்கோபிளாஸ்மா சோதனை எப்போது செய்தீர்கள் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.