முதல் தலைமுறை எம்எக்ஸ்-5க்கு 15 அங்குல அலாய் வீல்: வாங்கும் முன் பொருந்துமா என்று பார்ப்பது எப்படி?

கூரையில்லாதவன்:
வணக்கம். என்னிடம் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5, 1991 மாடல், 1.6 இன்ஜின், பவர் ஸ்டீயரிங் கிடையாது. இப்போது ஓடுவது கம்பெனி வீல்தான்: 14 அங்குலம், 5.5 அகலம், ஆஃப்செட் 45 (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வீல் வண்டியில் ஒட்டி உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது). டயர் 185/60 ஆர்14 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 14 அங்குலம்).

பழைய அலாய் வீல் விற்கும் ஒருவரிடம் மூன்று செட் பார்த்தேன். ஒன்று 15க்கு 8, ஆஃப்செட் 0. நல்ல ஆழமான உதடு (ரிம்மின் வெளி விளிம்பு), மனசு அதில்தான் நிற்கிறது. இரண்டாவது 15க்கு 7, ஆஃப்செட் 25. மூன்றாவதும் 15க்கு 7தான், ஆனால் ஆஃப்செட் 35. பார்க்கக் கொஞ்சம் சாதுவாக இருக்கிறது. மூன்றுமே நாலு ஓட்டை, பிசிடி (ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 100. "நாலு ஓட்டை நூறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம்" என்கிறார் விற்பவர்.

சஸ்பென்ஷன் கம்பெனி உயரத்திலேயே இருக்கிறது. மட்கார்டை வெட்டவோ அகலப்படுத்தவோ விருப்பமில்லை. வாங்கிவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். வீட்டிலேயே அளந்து முடிவெடுக்க வழி உண்டா?

நட்டுமுறுக்கி:
பிசிடி சரியாக இருந்தால் ஸ்டட்டில் (வீல் மாட்டும் மரைக்கம்பியில்) ஏறும், அதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ஒரு வேலை செய்யுங்கள். ரிம் அகலத்தை மி.மீ.க்கு மாற்றிப் பாதியாக்குங்கள். அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் ஹப் (வீல் மாட்டும் நடுப்பாகம்) முகத்திலிருந்து வெளி விளிம்பு எவ்வளவு தூரம் என்று வரும். கூட்டினால் உள் விளிம்பு.

உங்கள் கம்பெனி வீலுக்குப் பாதி 70. அப்படியானால் வெளியே 25, உள்ளே 115. இதை வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள்.

8 அகலம், ஆஃப்செட் 0: பாதி 102, வெளியே 102, உள்ளேயும் 102. அதாவது இப்போது இருப்பதைவிட 77 மி.மீ. வெளியே வந்து நிற்கும். மட்கார்டை அகலப்படுத்தாமல் இது நடக்காது. 7 அகலம், ஆஃப்செட் 25: வெளியே 64, உள்ளே 114. உள்பக்கம் கிட்டத்தட்ட அப்படியே இருக்க, வெளியே மட்டும் 39 கூடும். ஆஃப்செட் 35 என்றால் வெளியே 29 கூடும், உள்ளே 9 கூடும்.

இன்னொன்று, அந்த ஆழமான உதட்டு வீலில் எட்டு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். பிசிடி 100, 114.3 இரண்டுக்கும் சேர்த்துத் துளைத்த வீல்கள் நிறைய உண்டு. தப்பில்லை, ஆனால் நட்டு உட்காரும் குழிகள் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் தொடாதீர்கள்.

கூரையில்லாதவன்:
77ஆ! சரி, ஆசையை அடக்கிக்கொள்கிறேன். அப்போது 25ஆ 35ஆ? 39 மி.மீ. இடம் என் வண்டியில் இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

ஓரமாநில்:
தம்பி, இவ்வளவு யோசிப்பானேன். 25ஐ வாங்கி, பின் மட்கார்டு உள்விளிம்பை மடக்கிவிட்டால் முடிந்தது. எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

பழைய_பெட்டி:
மடக்கலாம்தான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலான பெயின்ட். சூடுகாட்டாமல் மடக்கினால் விளிம்போடு வெடிக்கும், அந்த விரிசலில் துரு ஆரம்பிக்கும். அவர் கைவைக்க வேண்டாம் என்கிறார், அதை மதிப்போம்.

கூரையில்லாதவன், நட்டுமுறுக்கி அண்ணன் போட்ட கணக்கு ரிம்முக்கு. மட்கார்டில் உரசப்போவது ரிம் இல்லை, டயர். இந்த வித்தியாசம் உங்கள் விஷயத்தில் பெரிது. 185/60 ஆர்14 டயரை 5.5 ரிம்மில் போட்டால் அதன் வயிறு (பக்கச்சுவர் புடைப்பு) ஏறத்தாழ 185 அகலம் இருக்கும். 15 அங்குலத்துக்கு நீங்கள் எடுக்கப்போவது பெரும்பாலும் 195/50 ஆர்15. அதன் அளவு ரிம் (டயர் அகலத்தை அளக்க வைத்துக்கொள்ளும் ரிம்) 6 அங்குலம். 7 அங்குல ரிம்மில் இழுத்துப் போடும்போது பக்கச்சுவர் விரிந்து ஏறத்தாழ 205 ஆகும். அரை அங்குலத்துக்கு 5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அதே கணக்கை டயருக்குப் போடுங்கள். பழையது: 92.5 கழித்தல் 45, அதாவது 47.5. ஆஃப்செட் 25: 102.5 கழித்தல் 25, 77.5. டயர் வெளியே வருவது 30 மட்டும்தான், 39 இல்லை. ஆஃப்செட் 35 என்றால் வெறும் 20. உள்பக்கமும் போட்டுப் பாருங்கள்: பழையது 137.5, ஆஃப்செட் 35க்கும் 137.5. உள்ளே டயர் ஒரு மி.மீ.கூட நகரவில்லை.

ஆக, உங்கள் வண்டியில் தேட வேண்டிய எண் 30 அல்லது 20. தூக்குக்குண்டு இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் நூலில் ஒரு நட்டைக் கட்டுங்கள். சமதரையில் நிறுத்தி, வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, சஸ்பென்ஷன் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். ஜாக்கி போட்டு இறக்கிய கையோடு அளந்தால் பொய் எண் வரும். சக்கரத்தின் உச்சிக்கு நேராக மட்கார்டு விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் டயரின் மேல்பகுதி வயிற்றுக்கும் இடையே உள்ள தூரத்தை எடுங்கள். நாலு சக்கரத்திலும் எடுங்கள், ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க வேண்டாம்.

நட்டுமுறுக்கி:
பழைய_பெட்டி சொல்வது சரி. டயருக்கு அந்தக் கணக்குதான் போட வேண்டும். பிரேக் காலிப்பரோடு (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இடிக்குமா என்று பார்க்க ரிம் கணக்கு வேண்டும். 1.6க்கு முன் டிஸ்க் 235 மி.மீ.தான், 15 அங்குலத்துக்குள் தாராளமாக அடங்கும். ஆனால் ஸ்போக்கின் பின்முதுகு எந்த வளைவில் இருக்கிறது என்பதை எந்த எண்ணும் சொல்லாது. டயர் இல்லாத ஒரு ரிம்மை மட்டும் கொண்டுவந்து முன் ஹப்பில் மாட்டிக் கையால் சுற்றிப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். காலிப்பர் மேல் ஒரு உருண்டை களிமண் ஒட்டிவிட்டுச் சுற்றினால் இடைவெளி அதில் பதிந்துவிடும். உள்ளே ஒட்டும் பேலன்ஸ் வெயிட்டுக்கும் இடம் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

கூரையில்லாதவன்:
அளந்துவிட்டேன். முன் இடது 38, முன் வலது 37. பின் இடது 35. பின் வலது 29. கடைசி எண்ணை நம்பாமல் திரும்பத் திரும்ப எடுத்தேன், மாறவில்லை. ஒரே வண்டியில் இரண்டு பக்கமும் 6 மி.மீ. வித்தியாசம் எப்படி?

பழைய_பெட்டி:
இந்த வயசு வண்டியில் ஆச்சரியமில்லை. வலது பின் மட்கார்டு எப்போதாவது அடிபட்டுத் தட்டி எடுத்ததாக இருக்கலாம். இல்லாவிட்டால் அலைன்மென்ட். எம்எக்ஸ்-5ல் பின்சக்கரத்துக்கும் கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) மாற்ற கீழ் ஆர்மில் எக்சென்ட்ரிக் போல்ட் (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) உண்டு. இரண்டு பக்கமும் வேறு வேறு இடத்தில் நின்றிருக்கும். முதலில் அதைச் சமப்படுத்தி மறுபடி அளங்கள். ஆனால் 6 மி.மீ. முழுவதும் அதில் கிடைத்துவிடும் என்று நம்பி வீல் வாங்க வேண்டாம்.

ஆஃப்செட் 25க்கு 30 வேண்டும், உங்களிடம் 29. அதாவது நிற்கும்போதே நூலைத் தாண்டிவிடும். 35 என்றால் மோசமான மூலையிலும் 9 மி.மீ. மிச்சம். டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு ஆர்ம் உள்ள சஸ்பென்ஷன்) என்பதால் சக்கரம் மேலே ஏறும்போது உச்சி உள்பக்கம் சாயும், அதுவும் சாதகம்தான்.

ஓரமாநில்:
29க்கு 30 என்றால் ஒரு மி.மீ.தானே அண்ணே.

பழைய_பெட்டி:
ஒவ்வொரு டயர் கம்பெனியின் 195ம் ஒரே அகலம் இல்லையே. அந்த ஒரு மி.மீ. நாலாக மாறக்கூடும்.

ரோட்டோரம்:
பவர் ஸ்டீயரிங் இல்லை என்று சொன்னதால் ஒரு விஷயம். ஆஃப்செட் 45லிருந்து 25க்குப் போனால் டயரின் நடுக்கோடே 20 மி.மீ. வெளியே போகிறது, 35 என்றால் 10. அந்தத் தூரம் கூடக்கூட, பள்ளத்தில் ஒரு சக்கரம் விழும்போது ஸ்டீயரிங் கையில் உதறும். பேரிங்குக்கும் சுமை கூடும். கம்பெனி வீல் ஒன்று ஐந்தரை கிலோ அளவுதான், மிக லேசானது. புதியதைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஏழு கிலோவைத் தாண்டினால் வண்டியின் துள்ளல் குறைவது உங்களுக்கே தெரியும்.

முன்பக்கம் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, பம்பரும் மட்கார்டும் சேரும் மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையைப் பாருங்கள். இந்த வண்டியில் அகல டயர் முதலில் உரசும் இடம் அது.

ஸ்பீடோமீட்டர் பற்றிக் கவலை வேண்டாம். 185/60 ஆர்14 விட்டம் 577.6, 195/50 ஆர்15 விட்டம் 576.

கூரையில்லாதவன்:
35தான். ஒரு ரிம்மைக் கடனாகக் கொடுத்தார், முன் ஹப்பில் மாட்டிச் சுற்றினேன். களிமண்ணில் 6 மி.மீ. மிச்சம். எடை 6.3 கிலோ. ஆனால் நடு ஓட்டை 73.1, என் ஹப் 54.1. மாட்டும்போது வீல் ஆடுகிறது. என்ன செய்ய?

நட்டுமுறுக்கி:
73.1க்கு 54.1 ஹப் ரிங் (நடு ஓட்டையின் இடைவெளியை நிரப்பும் வளையம்) வாங்குங்கள், தேடினால் கிடைக்கும் சாதாரண அளவுதான். போடும் முன் ஹப்பில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேயுங்கள், இல்லாவிட்டால் ரிங் சாய்ந்து உட்காரும். நட்டு எம்12, பிட்ச் 1.5, 60 பாகை கூம்பு முனை. ஹோண்டாவின் கம்பெனி நட்டும் அதே மரைதான், ஆனால் முனை உருண்டை, கலந்துவிடாதீர்கள். வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே கையால் குறுக்குக்குறுக்காக இறுக்கி, இறக்கியபின் டார்க் ரென்ச்சில் 100 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை.

கூரையில்லாதவன்:
ரிங் சொல்லிவிட்டேன். வலது பின்பக்க அலைன்மென்ட்டைச் சரிசெய்துவிட்டு, டயர் போட்டதும் அந்த மூலையின் புது அளவை இங்கே எழுதுகிறேன்.