பிஸி பிட் இறங்கும்வரை சுற்றுவதா, டைம்அவுட் வைப்பதா?

தறிநூல்: லினக்ஸ் டிரைவர் ஒன்றில் சிப்பை ரீசெட் செய்துவிட்டு, அதன் ரெஜிஸ்டரில் 'வேலை முடியவில்லை' என்று காட்டும் பிஸி பிட் 0 ஆகும்வரை வெறும் வைல் லூப்பில் சுற்றுகிறேன். டேட்டாஷீட்டில் அதிகபட்சம் 100 மைக்ரோசெகண்ட். ரிவ்யூவில் டைம்அவுட் (காத்திருப்புக்கு நேர எல்லை) எங்கே என்கிறார்கள். அவசியமா?

பழையபிட்: வேண்டாம் தம்பி. அதற்குள் முடிக்காத சிப் செத்த சிப். டைம்அவுட் வைத்தால் யாரும் சோதிக்காத இன்னொரு பாதை சேரும், அவ்வளவுதான்.

கூடல்காரன்: செத்த சிப்பா, கழன்ற சிப்பா அண்ணே? பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டால், படிக்கும்போது பெரும்பாலும் எல்லா பிட்டும் 1 என்றே வரும். பிஸி பிட்டும் அதில் அடக்கம். ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை மற்ற கோர்கள் தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டு சுற்றினால் அந்த கோர் போச்சு, அதே லாக்குக்கு வந்து நிற்கிற கோர்களும் போச்சு.

பழையபிட்: எல்லாம் 1 வந்தால் வெளியேறு என்று ஒரு வரி போதாதா? டைம்அவுட் என்று லூப்பைப் பத்தாயிரம் தடவை எண்ணுகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. ஏஎம்டி கே6-2 ப்ராசசர் 350 மெகாஹெர்ட்ஸில் விண்டோஸ் 95 பூட் ஆகாமல் விழுந்ததே, மறந்துவிட்டதா? நேரம் அளக்கும் லூப் சட்டென்று முடிந்து, பூஜ்யத்தால் வகுத்த கதை.

கூடல்காரன்: அது எண்ணியதன் வினை. கடிகாரத்தைப் பார்த்தால் வராது. கார்டு இருந்தும் சிப் தொங்கினால் உங்கள் ஒரு வரி உதவாது.

இரவுப்பணி: கடிகாரத்திலும் குழி உண்டு. நேரம் தாண்டியதும் நேரே பிழை என்று திரும்பியிருந்தோம். இடையில் ஷெட்யூலர் நம் த்ரெட்டை ஓரமாக உட்காரவைத்திருந்தது. சிப் எப்போதோ முடித்துவிட்டது, நாம்தான் பார்க்கவில்லை. இதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம். லினக்ஸ் கர்னலிலேயே இதற்கென இருக்கும் ரீட்எல்_போல்_டைம்அவுட் மேக்ரோ, நேரம் முடிந்தபிறகும் ரெஜிஸ்டரை இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்லும். அப்புறம், ஒற்றை கோரில் இன்டரப்ட்டை அணைத்துவிட்டு ஜிஃபிஸை (டைமர் இன்டரப்ட்டால் ஏறும் கர்னலின் நேர எண்ணிக்கை) நம்பாதீர்கள், அது நகரவே நகராது. அங்கே அதே மேக்ரோவின் தூங்காத அட்டாமிக் வகைதான்.

தறிநூல்: ப்ரோபில்தான் (சாதனத்தைத் தொடங்கிவைக்கும் டிரைவர் ஃபங்ஷன்) நடக்கிறது, அங்கே த்ரெட் தூங்கலாம். 10 மைக்ரோசெகண்ட் இடைவெளி, மொத்தம் 100, சரியா?

கூடல்காரன்: மொத்தம் 10 மில்லிசெகண்ட் கொடுங்கள். நல்ல சிப் முதல் சில சுற்றிலேயே வெளியே வந்துவிடும். கெட்டுப்போனதுக்கு மட்டும்தான் அந்தக் காத்திருப்பு.

பழையபிட்: சரி, வையுங்கள். ஆனால் திரும்பி வரும் பிழையை ப்ரோபில் கவனிக்காமல் விட்டிருந்தால் மறுபடி வருவேன்.

தறிநூல்: …விட்டிருக்கிறேன் அண்ணே. இப்போதே திருத்துகிறேன்.