இரண்டு உள்ளாட்சிகள், ஒரே லாரி: ஒப்பந்தம் எழுத உதவுங்கள்

வணக்கம். பக்கத்துப் பக்கத்து உள்ளாட்சி அமைப்புகள் இரண்டு சேர்ந்து ஒரு கழிவுநீர் உறிஞ்சும் லாரி வாங்கப் போகிறோம். ஒப்பந்த வரைவு என் மேசைக்கு வந்திருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

சிக்கல் செலவைப் பிரிப்பதில்தான். மக்கள்தொகைப்படி என்றால் பெரிய ஊர் முணுமுணுக்கிறது. ஓடிய கிலோமீட்டர்படி என்றால் சின்ன ஊர், ‘எங்கள் தெருக்கள் தள்ளித்தள்ளி இருப்பது எங்கள் தப்பா?’ என்கிறது. அதுவும் நியாயம்தான். காப்பீடு, ஓட்டுநர் சம்பளம் போன்ற நிலையான செலவைச் சரிபாதியாக வைத்து, டீசலையும் பழுதுச் செலவையும் மட்டும் லாக்புக் பார்த்துப் பிரிக்கலாமா என்று யோசிக்கிறேன். யாராவது இப்படிச் செய்ததுண்டா?

அப்புறம், ஒரே நாளில் இரண்டு ஊரிலும் சாக்கடை பொங்கினால் லாரி முதலில் எங்கே போகும்? வரைவில் ‘பரஸ்பர ஒத்துழைப்புடன்’ என்று ஒரே வரி. மழைக்காலத்தில் அந்த வரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

ஒரு தரப்பு பாதியில் விலகினால் லாரி யாருக்கு, எத்தனை மாத முன்னறிவிப்பு, விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு? இவற்றுக்கு நீங்கள் எழுதிய ஷரத்துகள் இருந்தால், பெயர்களை அடித்துவிட்டுப் பகிருங்கள். மன்றக் கூட்டம் அடுத்த வாரம்.