அப்பாவைத் திட்டிப் பாடுவது தவறா?

அல்சூர் கிட்டார்:
அடுத்த மாதம் கோரமங்களாவில் எங்கள் பேண்ட் வாசிக்கிறது. அமெரிக்க ராக் பேண்டான எவர்கிளியரின் ‘ஃபாதர் ஆஃப் மைன்’ பாடலாம் என்றேன். 1997-ல் வந்த ஆல்பத்தில் இருக்கும் பாட்டு. பாடகர் ஆர்ட் அலெக்சாக்கிஸின் சொந்தக் கதை. சின்ன வயதிலேயே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். பேரைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார் என்று பாடுகிறார். பிறந்தநாளுக்கு ஐந்து டாலர் நோட்டு வைத்த வாழ்த்து அட்டை வரும், அவ்வளவுதான். எங்கள் டிரம்மர், “பெற்றவரை மேடையேறித் திட்டும் பாட்டு வேண்டாம்” என்கிறார். எனக்கோ பாடியே ஆக வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

மாரிகுப்பம் ரயில்:
நான் டிரம்மர் பக்கம். கோலார் தங்கவயல் சுரங்கத்தை 2001-ல் மூடியதும் எங்கள் ஊர் ஆண்கள் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தார்கள். என் அப்பாவும்தான். நாங்கள் எழுவதற்குள் கிளம்பிவிடுவார், தூங்கியபிறகு வருவார். டிபன் கேரியர் கழுவிக் கவிழ்த்திருந்தால் ராத்திரி வீட்டுக்கு வந்தார் என்று தெரியும். அந்த வயதில் என்னைக் கேட்டிருந்தால் நானும் ‘எனக்கு அப்பா இல்லை’ என்றுதான் பாடியிருப்பேன். பிள்ளைக்குத் தெரிவது அப்பா இல்லை என்பது மட்டும்தான். ஏன் இல்லை என்பது பாட்டில் வராது.

மீனா, ஜீவன் பீமா நகர்:
அண்ணா, இரண்டு அப்பாக்களையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். உங்கள் அப்பா ராத்திரி திரும்பி வந்தார். என் அப்பா நான் மூன்றாவது படிக்கும்போது போனவர், வரவே இல்லை. எனக்கு அவர் விட்டுப்போனது இனிஷியல் ஒன்றுதான். மார்க் ஷீட், ஹால் டிக்கெட், பாஸ்புக் எல்லாவற்றிலும் என் பேருக்கு முன்னால் அந்த ஒற்றை எழுத்து நிற்கிறது. ஃபீஸ் கட்டியது நாலு வீட்டில் சமைத்த அம்மா. அம்மாவின் பேருக்கு எங்கும் இடமில்லை. அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பேர் இருந்தால் பாஸ்போர்ட்டுக்குப் போதும் என்று 2016 டிசம்பரில்தான் அறிவித்தார்கள். நான் அம்மா பேரை மட்டும் போட்டு விண்ணப்பித்தேன். பேரைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று அந்த மனிதர் பாடும்போது எனக்கு உடம்பு நடுங்கும். பாடுங்கள், அல்சூர்.

பழைய ராக்கர்:
2002-ல் பிங்க் ஃபிளாய்ட் பேண்டின் பழைய பாடகர் ரோஜர் வாட்டர்ஸ் பெங்களூருக்கு வந்தபோது கூட்டத்தில் நின்று கேட்டவன் நான். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா 1944-ல், இரண்டாம் உலகப்போரில், இத்தாலியின் ஆன்சியோவில் நடந்த சண்டையில் இறந்துவிட்டார். பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’ ஆல்பம் முழுக்க அந்த வெறுமை இருக்கிறது. ஆனால் அங்கே கோபம் போர் மேல், அரசு மேல். உயிரோடு இருந்தும் வராத அப்பா மேல் வரும் கோபம் வேறு ஜாதி. மாரிகுப்பம் தம்பி, உங்களுக்கான பாட்டு ஹாரி சேப்பின் 1974-ல் பாடிய ‘கேட்ஸ் இன் தி கிரேடில்’. அதில் பாடுவதே அப்பாதான். வேலை வேலை என்று ஓடுகிறார். பையன் வளர்ந்ததும் அவனுக்கு நேரமில்லை.

மாரிகுப்பம் ரயில்:
அதைத்தான் கேட்கிறேன். அங்கே அப்பாவுக்கும் வாய் இருக்கிறது. எவர்கிளியர் பாட்டில் இல்லை. மீனாவின் வலி புரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் ரேடியோவில் ஊரெல்லாம் கேட்கும் பாட்டுக்கு அந்த அப்பா எங்கே போய்ப் பதில் சொல்வார்?

மீனா, ஜீவன் பீமா நகர்:
பதில் சொல்ல அவருக்கு வருஷக்கணக்கில் நேரம் இருந்ததே! அந்த அட்டையில் ஒரு வரி எழுதியிருக்கலாம். அப்புறம், அது வெறும் திட்டு இல்லை. இப்போது தனக்கும் ஒரு குழந்தை, அதற்கு இந்த வலி தெரியவே கூடாது என்றும் அலெக்சாக்கிஸ் பாடுகிறார்.

அல்சூர் கிட்டார்:
டிரம்மரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். இன்னும் சம்மதமில்லை, அந்த ஒரு பாட்டுக்கு வேறு ஆள் வாசிக்கிறார். நான் பாடுகிறேன்.

மாரிகுப்பம் ரயில்:
சரி, பாடுங்கள். ஆனால் நேரமில்லை என்று அந்தக் குழந்தையைப் பற்றிய பகுதியை வெட்டிவிடாதீர்கள். அதுவும் இல்லையென்றால் நான் டிரம்மர் பக்கமேதான்.