'இந்தியா' வாரப் பத்திரிகையின் பழைய பிரதிகள் எங்கே பார்க்கலாம்?

வணக்கம். 1906-ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகை பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் வந்த பாரதியின் கட்டுரைகள் தொகுப்புகளில் கிடைத்துவிடுகின்றன, அது சரி, ஆனால் எனக்கு வேண்டியது பத்திரிகையை நடத்திய விதம்: சந்தா, விளம்பரம், அச்சுச் செலவு, அப்புறம் அதில் வந்த கேலிச்சித்திரங்களுக்கு அச்சுக்கட்டை (படத்தை அச்சிட உதவும் கட்டை) எப்படிச் செய்தார்கள் என்பதெல்லாம். 1908-ல் ராஜதுரோக வழக்கு வந்ததும் புதுச்சேரிக்கு மாறி, பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் அச்சாகி, 1910-ல் நிற்கும்வரை எல்லை தாண்டி வாசகர்களுக்குப் போனதே, அந்த இதழ்களை விளம்பரங்களோடு முழுப் பக்கமாக எங்கே பார்க்கலாம்? ரோஜா முத்தையா நூலகத்திலோ தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ பார்த்தவர்கள் உண்டா? தட்டச்சு செய்த பிரதி வேண்டாம், பக்கத்தின் படம்தான் தேவை. முன்அனுமதி வாங்க வேண்டுமா, படம் எடுக்க விடுவார்களா என்பதையும் சொல்லுங்கள்.