கருவியில் விதைத்த வயலில் முளைப்பு திட்டுத்திட்டாக இருக்கிறது, அவசர உதவி தேவை

புதுச்சால்
வணக்கம். டிராக்டரில் பூட்டும் விதைப்புக் கருவி வைத்து விதைத்த வயலில் முளைப்பு சரியில்லை. சில இடத்தில் ஜோராக வந்திருக்கிறது, சில இடத்தில் ஒன்றுமே இல்லை. விதை நல்ல விதைதான். நிலத்தையும் நன்றாகத்தான் தயார் செய்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி விதைப்பதா என்று உடனே முடிவெடுக்க வேண்டும், டிராக்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேழி
என்ன பயிர், என்ன மண், விதைத்து எத்தனை நாள் ஆயிற்று? விதைத்த பிறகு மழையோ தண்ணீரோ கிடைத்ததா? இது எதுவும் தெரியாமல் அழியுங்கள் என்றோ வேண்டாம் என்றோ எப்படிச் சொல்வது?

பட்டறைக்காரர்
கருவி எந்த வகை? சாய்ந்து சுழலும் துளைத் தட்டு விதையை எடுத்துப் போடும் சாய்வுத் தட்டு வகையா, தட்டில் விதையைக் காற்றால் உறிஞ்சிப் பிடிக்கும் காற்றுறிஞ்சியா? எத்தனை வரிசை? காற்றுறிஞ்சி என்றால் பிடிஓ (டிராக்டரின் பின்னால் கருவிக்குச் சக்தி தரும் சுழல்தண்டு) வேகம் குறைந்தாலே தட்டில் விதை ஒட்டாமல் விழுந்துவிடும், வரிசையில் இடைவெளி வரும். பாதி வயலில் இன்ஜின் திணறியதா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆழஉழவு
எனக்குப் பார்த்தவுடனே புரிகிறது. அடிமண் இறுகிப் போயிருக்கிறது. வருஷக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுதால் கீழே தட்டு மாதிரி ஓர் அடுக்கு விழும். உளிக் கலப்பை போட்டு 40 செ.மீ. வரை கீறிவிடுங்கள், எல்லாம் சரியாகும்.

மேழி
அண்ணே, அடிமண் இறுகினால் வேர் இறங்காது, தண்ணீர் தேங்கும், செடி பிற்பாடு வாடும். ஆனால் விதை மேல் 5 செ.மீ.க்குள் கிடக்கிறது. முளைக்காததற்கு முதலில் அந்த 5 செ.மீ.யைத்தான் பார்க்க வேண்டும்.

ஏர்முனை
தம்பி, இந்த மாதிரிக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. கருவியை வாங்கினால் மட்டும் போதாது, அதை அளவுதிருத்தம் செய்ய, அதாவது சரியான அளவில் விதை விழும்படி அமைக்கத் தெரிய வேண்டும். தட்டின் துளை அளவும் விதை அளவும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு வந்திருந்தால் கேட்கவே தேவை இருந்திருக்காது.

புதுச்சால்
மக்காச்சோளம். ஐந்து வரிசைச் சாய்வுத் தட்டுக் கருவி, வரிசைக்கு வரிசை 60 செ.மீ. களிமண். விதைத்து ஒரு வாரம் ஆகிறது. விதைத்த பிறகு மழை இல்லை, தண்ணீரும் விடவில்லை, மண்ணில் ஈரம் இருந்ததால் விதைத்தேன். கல்டிவேட்டர் உழவுக்குப் பிறகு, சுழலும் பிளேடால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டாவேட்டர் இரண்டு ஓட்டு ஓட்டினேன். மாவு மாதிரிப் புழுதி, ஒரு கட்டிகூட இல்லை.

ஈரமண்
திட்டு என்றால் வட்ட வட்டமாகவா, வரிசை வரிசையாகவா? வரிசையாக என்றால் கருவியின் எந்தெந்த வரிசை? ஒரு ஓட்டத்தைப் பிடித்து இடமிருந்து வலமாக எண்ணிச் சொல்லுங்கள். இது ரொம்ப முக்கியம்.

மூடாக்கு
இரண்டு ஓட்டு ரோட்டாவேட்டர்! அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. மண்ணை மாவாக்கினால் அது மண்ணாக இருக்காது. உழவே வேண்டாம், முன் பயிரின் தட்டையை, அதாவது அறுத்தபின் மிஞ்சும் தண்டை, வயலிலேயே விட்டு, உழாமல் விதைக்கும் கருவியில் நேராகக் கீறி விதையுங்கள். பிரேசிலின் பரானா மாநிலத்தில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி 1972இல் இப்படித்தான் தொடங்கினார். மழையில் மண் அரித்துக்கொண்டு போவதைத் தாங்க முடியாமல் கலப்பையைக் கைவிட்டவர் அவர். இன்று அந்த நாட்டில் உழவில்லாத சாகுபடி எவ்வளவு பரவியிருக்கிறது என்று பாருங்கள்.

ஆழஉழவு
அகல உழுவதை விட ஆழ உழு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. உழாமல் விட்டால் களையை யார் எடுப்பது? மருந்து அடித்துக் கொல்வீர்கள், வேறென்ன?

மூடாக்கு
தட்டை மூடியிருந்தால் களை முளைப்பதே குறையும். மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முதல் சில வருஷம் தேவைப்படலாம். ஆனால் 1930களில் அமெரிக்கச் சமவெளியில் புல்தரையை உழுது வெறும் புழுதியாகப் போட்டு, வறட்சி வந்ததும் மேல்மண் புயலாகப் பறந்து போனதே, அது எதனால்?

ஆழஉழவு
அது வறட்சியால். உளிக் கலப்பை மண்ணைப் புரட்டாது, கீறி மட்டும்தான் விடும். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

மேழி
இந்த விவாதத்துக்குத் தனி இழை போடுங்கள். இங்கே ஒருவர் டிராக்டரைச் சொல்லி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

புதுச்சால்
இப்போது வயலில்தான் நிற்கிறேன். வரிசை வரிசையாகத்தான் இருக்கிறது. 2ஆவதும் 4ஆவதும் நன்றாக வந்திருக்கின்றன. 1, 3, 5 மூன்றும் மோசம், அங்கொன்றும் இங்கொன்றுமாக.

ஏர்முனை
நான் சொன்னதுதான். மூன்று பெட்டியில் தட்டு தவறு. இதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

பட்டறைக்காரர்
தட்டாகவும் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. தரையில் உருண்டு தட்டுகளைச் சுழற்றும் ஓட்டுச் சக்கரம் புழுதியில் வழுக்கினால் விதை குறையும் என்று எழுத வந்தேன், ஆனால் ஐந்து பெட்டிக்கும் பொதுத் தண்டு என்றால் ஐந்திலும்தான் குறையும், மூன்றில் மட்டும் குறையாது. அதனால் இப்படிச் செய்யுங்கள். கருவியைத் தூக்கி ஜாக்கி வைத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு பை கட்டுங்கள். ஓட்டுச் சக்கரத்தைக் கையால் 20 சுற்று சுற்றி, ஒவ்வொரு பையிலும் எத்தனை விதை என்று எண்ணுங்கள். சக்கரத்தின் சுற்றளவு 1.5 மீட்டர் என்றால் 20 சுற்றுக்கு 30 மீட்டர். செடிக்குச் செடி 25 செ.மீ. வைத்திருந்தால் ஒரு பையில் 120 விதை வர வேண்டும். 1, 3, 5இல் மட்டும் குறைந்தால் தட்டோ குழாய் அடைப்போ காரணம். அப்படியே குழாயின் அடிவாயில் மண் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கருவியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு டிராக்டரைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினாலே மண் ஏறிவிடும்.

ஈரமண்
அதோடு கூடவே, ஒரு பழைய கத்தியோ கரண்டியோ எடுத்துக்கொண்டு 2ஆவது வரிசையிலும் 3ஆவது வரிசையிலும் மெதுவாக மண்ணை ஒதுக்கி விதையைக் கண்டுபிடியுங்கள். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, நீரை உறிஞ்சி ஊதியிருக்கிறதா, முளை விட்டிருக்கிறதா, சுற்றியுள்ள மண் விரலில் ஒட்டுகிறதா உதிர்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, டிராக்டரின் பின் டயர் எந்த வரிசையின் மேல் போகிறது?

ஏர்முனை
டயருக்கும் முளைப்புக்கும் என்ன சம்பந்தம்? டயர் போனால் மண் இறுகும், இறுகினால் முளைப்பு குறையும். இங்கே தலைகீழாக அல்லவா கேட்கிறீர்கள்?

ஈரமண்
தலைகீழாக நடப்பதும் உண்டு ஐயா. அவர் சொல்லட்டும், பிறகு எழுதுகிறேன்.

மூடாக்கு
உழாத நிலத்தில் இந்தப் பிரச்சினையே வராது. டயர் தடம், தடம் இல்லாத இடம் என்று மண் இவ்வளவு மாறாது.

ஆழஉழவு
உழாத களிமண்ணில் ஈரமாக இருக்கும்போது கீறினால் சால் மூடாமல் திறந்தபடி கிடக்கும், விதை வெயிலில் காயும். அதை ஏன் சொல்லவில்லை?

மூடாக்கு
ஈரம் அதிகம் இருக்கும்போது எந்தக் கருவியையும் களிமண்ணில் இறக்கக் கூடாது. மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள், மெல்லிய புழு மாதிரி உடையாமல் திரண்டால் வயலுக்குள் போகவே வேண்டாம். உருட்டும்போதே உடைந்தால் பதம். உங்கள் உளிக் கலப்பைக்கும் இதே விதிதானே? அடிமண் ஈரமாக இருக்கும்போது இறக்கினால் வெடிக்காது, கத்தி போன தடத்தில் மட்டும் மெழுகிவிட்டுப் போகும்.

ஆழஉழவு
அது உண்மை. அடிமண் காய்ந்திருக்கும்போதுதான் இறக்க வேண்டும். அதுவும் வருஷா வருஷம் தேவையில்லை, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போதும்.

புதுச்சால்
பை கட்டிச் சுற்றிப் பார்த்தாயிற்று. ஐந்து பையிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். குழாய் அடைப்பும் இல்லை. டயர் 2, 4 வரிசைமேல்தான் போகிறது. தோண்டிப் பார்த்தேன். 2ஆவது வரிசையில் விதை 4, 5 செ.மீ.யில். 3ஆவதில் 8, 9 செ.மீ. வரை போயிருக்கிறது. அதில் பாதி அப்படியே கல் மாதிரி, ஊதவே இல்லை, சுற்றி வெறும் புழுதி. சிலது முளை விட்டிருக்கிறது, ஆனால் மண்ணுக்குள்ளேயே இலை விரிந்து சுருண்டு மஞ்சளாகக் கிடக்கிறது.

ஈரமண்
அதுதான் விஷயம். விதையும் நன்று, தட்டும் நன்று. விதைக்குப் படுக்கை அமையவில்லை.

மக்காச்சோள விதை தன் எடையில் சுமார் 30 சதவீதம் நீரை உறிஞ்சினால்தான் முளைக்கும். அந்த நீர் மண்துகளிலிருந்து விதைத்தோலுக்கு வர வேண்டும் என்றால் மண் விதையைச் சுற்றிலும் ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும். நீங்கள் ஓட்டிய ரோட்டாவேட்டர் மேல் மண்ணை உப்பலாக்கிவிட்டது. உள்ளே பாதி காற்று. காற்றுப் புகுந்த புழுதி சீக்கிரம் காயும், கீழே இருக்கும் ஈரமும் அந்த இடைவெளியைத் தாண்டி மேலே ஏறாது. 2, 4 வரிசையில் டயர் போய் அழுத்தியதால் மண் விதையோடு ஒட்டியது, அடி ஈரம் மேலே வந்தது. மண் கெட்டியாக இருந்ததால் சால் கீறும் கொழுவும் அளவான ஆழத்தில் நின்றது. மற்ற மூன்றிலும் கொழு வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கிவிட்டது.

உள்ளே இலை விரிந்ததற்கும் காரணம் அந்த உப்பல்தான். முளைக்குருத்தை ஓர் உறை மூடிக்கொண்டு மேலே வரும், வெளிச்சம் பட்டதும் உறை நின்றுவிடும், இலை அதைக் கிழித்துக்கொண்டு விரியும். பொலபொலவென்ற மண்ணில் இடுக்கு வழியாக வெளிச்சம் உள்ளே போனால் தரைக்கு வரும் முன்பே விரிந்துவிடும். போதாக்குறைக்கு 9 செ.மீ. ஆழம் வேறு. விரிந்த இலையால் மண்ணைத் தள்ளிக்கொண்டு வர முடியாது.

உங்கள் கருவியில் வரிசைக்குப் பின்னால், விதைமேல் மண்ணை அழுத்தும் அழுத்துச் சக்கரம் இருக்கிறதா? கொழு இறங்கும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் ஆழச் சக்கரம்?

புதுச்சால்
அழுத்துச் சக்கரம் இல்லை, பின்னால் சங்கிலி மட்டும் இழுபடுகிறது. ஆழம் ஹைட்ராலிக் லீவரில் வைத்ததுதான். அப்படியென்றால் அழிக்கவா வேண்டாமா?

மேழி
அழிக்க வேண்டாம். முதலில் எண்ணிப் பாருங்கள். 60 செ.மீ. வரிசையில் ஆறே முக்கால் மீட்டர் நீளம் என்பது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் இருக்கும் செடியை எண்ணி ஆயிரத்தால் பெருக்குங்கள். 25 செ.மீ.க்கு ஒன்று என்றால் 27 செடி, அதாவது ஏக்கருக்கு 27,000. நல்ல வரிசையிலும் மோசமான வரிசையிலும் வயலின் பல இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள்.

ஊதாத விதை இன்னும் கெடவில்லை, தண்ணீர் பட்டால் முளைக்கும். தெளிப்பு நீர் வசதி இருந்தால் லேசாக விடுங்கள். பாய்ச்சல் நீரை வேகமாக விட்டால் மாவுப் புழுதி படிந்து, காய்ந்ததும் மேலே ஓடு கட்டும், அதை உடைக்க இன்னொரு பாடு. 1, 3, 5இல் விடுபட்ட இடத்தில் இப்போதே கையால் ஊன்றுங்கள், 4, 5 செ.மீ. ஆழம், காலால் ஒரு மிதி. தள்ளிப்போட்டால் ஊன்றிய செடி மூத்த செடியின் நிழலில் மாட்டிக்கொள்ளும். இரண்டு இலை பின்தங்கிய மக்காச்சோளம் கதிர் தராமல் உரத்தையும் தண்ணீரையும் மட்டும் தின்னும்.

பட்டறைக்காரர்
அடுத்த விதைப்புக்கு: கருவிக்கு இரு பக்கமும் ஆழச் சக்கரம் பொருத்துங்கள், லீவரை மட்டும் நம்பினால் மண் மாற மாற ஆழமும் மாறும். டிராக்டரையும் கருவியையும் மேலே இணைக்கும் டாப் லிங்கைச் சரிபார்த்துக் கருவியின் சட்டம் தரைக்குச் சமமாக நிற்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள், முன்னால் சாய்ந்தால் கொழு குத்திக்கொண்டு இறங்கும். அழுத்துச் சக்கரம் கிடைக்கவில்லையென்றால் விதைப்புக்கு முன் ஓர் உருளையோ பாரமான பலகையோ இழுங்கள். பூட்ஸ் கால் வைத்து நடந்தால் குதிகால் ஒரு செ.மீ.க்கு மேல் புதையக் கூடாது. டிராக்டர் மணிக்கு 4, 5 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம்.

ரோட்டாவேட்டர் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரே ஓட்டு, பின் மூடியைத் தூக்கி வைத்து. கொஞ்சம் சின்னக் கட்டி இருப்பது நல்லது, மழையில் மண் சீக்கிரம் படியாது.

ஏர்முனை
ஆழம் அமைப்பதும் அளவுதிருத்தத்தில் அடக்கம்தான். கருவியோடு வரும் கையேட்டைப் படித்தால் இதெல்லாம் இருக்கும்.

ஈரமண்
கையேட்டில் மண்ணின் பதம் இருக்காது ஐயா. அதை வயலில் குனிந்துதான் பார்க்க வேண்டும். அவர் தோண்டிப் பார்த்ததால்தான் விஷயம் தெளிவானது.

ஆழஉழவு
எப்படியும் ஒரு இரும்புக் கம்பியை நல்ல மழைக்குப் பிறகு மண்ணில் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 15, 20 செ.மீ.யில் தட்டி நின்று, அதைத் தாண்டியதும் சுலபமாக இறங்கினால் இறுகிய அடுக்கு இருக்கிறது. ரோட்டாவேட்டரைத் தொடர்ந்து ஓட்டும் நிலத்தில் பிளேடு உரசும் ஆழத்துக்குக் கீழே அது விழும். அறுவடைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூடாக்கு
இந்த ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ரோட்டாவேட்டரைக் குறைக்கச் சொல்கிறீர்களே, அதுவே எனக்குப் போதும்.

புதுச்சால்
டிராக்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெளிப்பு நீர் விட்டாயிற்று. 3ஆவது வரிசையில் புதிதாக முளை தெரிகிறது. 1, 5இல் ஆள் வைத்து ஊன்றுகிறோம். நன்றி.

ஈரமண்
மகிழ்ச்சி. ஊன்றி முடித்ததும் மறுபடி எண்ணி எழுதுங்கள், ஏக்கருக்கு எவ்வளவு தேறியது என்று மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

கடலைக்கொடி
பழைய இழைக்கு வருவதற்கு மன்னிக்கவும். அவர் எண்ணி எழுதினாரா? எனக்கும் இதே போல முளைப்பு பிரச்சினை, நிலக்கடலையில். ஆழம் எவ்வளவு வைக்கலாம்?

மேழி
அவர் அதன் பிறகு வரவில்லை. நிலக்கடலைக்கும் 5 செ.மீ. சரிதான். ஆனால் உங்கள் மண் என்ன, விதைக்கும்போது ஈரம் எப்படி, எந்தக் கருவி, எந்தெந்த வரிசை என்று எழுதித் தனி இழை போடுங்கள். போடும் முன் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டு வாருங்கள்.